மத்ஸ்யத்துக்குள் ஆறு மணி நேரம்

1979, ஆடி மாதம். சனிக்கிழமை, பகல் 1.35.

கீலை அறுத்து மூடியைத் தூக்கியபோது அழகியமணவாளன் உட்கார்ந்தபடியே இறந்திருந்தார். மடியில் நோட்டு, விரல்களுக்கிடையே பென்சில்.

காட்டூருக்கு அப்பால், கைவிட்ட கல்குவாரிக் குட்டை. கரையில் கிடந்தது ‘மத்ஸ்யம்’. பாய்லர் தொழிற்சாலை கழித்துப்போட்ட உருளையில் அவர் ஆறு வருடமாகக் கட்டிய ஒற்றை ஆள் நீர்மூழ்கி. உலகப் போரில் ஜப்பான்காரர்கள் ஓட்டிய குட்டி நீர்மூழ்கியின் படத்தைப் பழைய பத்திரிகை ஒன்றில் பார்த்த நாள் முதல் மனிதருக்கு அதே நினைப்பு. ஸ்ரீரங்கத்துக்காரருக்குக் காவேரியில் முங்கினால் போதாதா என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்களில் நாலு பேர் இப்போது கரையில் தலைகுனிந்து நின்றார்கள்.

2.20. இன்ஸ்பெக்டர் சகாயநாதன் உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆக்சிஜன் சிலிண்டரில் பாதிக்கு மேல் மிச்சம். மூடிக்கு உள்தாழ். உடம்பில் காயம் இல்லை.

கூட இருந்தவன் வெல்டர் வீரமலை ஒருவன்தான்.

“எத்தனை மணிக்கு இறக்கின?”

“ஆறுக்குங்க. பன்னெண்டு வரைக்கும் அடியில இருந்து பாக்கணும்னாரு. மணிக்கொரு தரம் கயித்த இழுத்து மணி அடிப்பாரு. பதினொண்ணுக்கு அடிச்சாரு. பன்னெண்டுக்கு அடிக்கல. உடனே செயின் பிளாக்ல தூக்கிட்டேங்க.”

“மூச்சுக்கு?”

“ஆக்சிஜன் இருக்குங்க. நாம விடுற கெட்ட காத்த உறிஞ்ச அந்த ரெண்டு பொட்டியில சுண்ணாம்புத் தூள். போன வாரமே வீட்டுல அவரு கையால சலிச்சுக் கட்டி வெச்சது. காலையில சைக்கிள்ல கொண்டாந்தேன்.”

ஆளை வெளியே எடுக்கும்போது பெட்டிகளைப் பாறைமேல் வைத்திருந்தார்கள். துளையிட்ட மூடி, மேலே மெல்லிய துணி. ஒன்றைத் தூக்கிய சகாயநாதனின் கையில் எறும்புகள் ஏறின. உதறிவிட்டுக் கீழே வைத்தார்.

“வீட்டம்மா வரலியா?”

“வீட்டுல நாளைக்குன்னுதான் சொல்லியிருந்தாரு. அம்மா கூட வந்து அழுவாங்கன்னு சொல்லாம இன்னைக்கே வெச்சுட்டாருங்க.”

அஜாக்கிரதையால் மரணம் என்று எழுதிக்கொண்டு வீரமலையை ஸ்டேஷனுக்கு அனுப்பினார். “என் பொண்டாட்டி மாசமா இருக்காங்கய்யா” என்று சொல்லிக்கொண்டே அவன் ஜீப்பில் ஏறினான்.

4.50. காட்டூர் முக்கில் சாரா பீவியின் டீக்கடை. பன் தட்டைச் சுற்றி வெள்ளைத் தூளால் ஒரு வட்டம்.

“என்னம்மா இது, கோலமா?”

“சுண்ணாம்புங்கய்யா. இதத் தாண்டி ஒரு எறும்பு வராது.”

சகாயநாதன் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். அவருக்குத் தம்மேலேயே கோபம் வந்தது. எறும்பைக் கையில் ஏறவிட்டு உதறிய மடையன்!

6.30. ஸ்ரீரங்கம், கீழச் சித்திரை வீதி. கூடத்தில் அழகியமணவாளனின் மனைவி வேதவதி சுவரோடு சாய்ந்திருந்தார்.

“ஒரு தட்டும் கொஞ்சம் மஞ்சள்பொடியும் வேணும்மா.”

கொண்டுவந்தார். சகாயநாதன் தட்டில் மஞ்சளைக் கரைத்து, குட்டையிலிருந்து கொண்டுவந்திருந்த பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை தூள் போட்டார். தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது.

“சுண்ணாம்புன்னா செவந்திருக்கணும். இது எறும்பு தேடி வர்ற அரிசி மாவு. வீரமலை மாத்தியிருந்தா பெட்டியைக் குட்டையில கொட்டியிருப்பான், கரையில வெச்சுக் காட்ட மாட்டான். பெட்டி ஒரு வாரம் இருந்தது இந்த வீட்டுல. வாசல்ல அரிசி மாவுக் கோலம் போடறது நீங்க. மாத்தினது நீங்கதாம்மா.”

வேதவதி எழுந்து உள்ளே போனார். ஒரு தகர டப்பாவோடு வந்து, அதிலிருந்து ஒரு சிட்டிகையைத் தட்டில் போட்டார். தண்ணீர் சிவந்தது.

“சுண்ணாம்பு கெட்டா அவருக்கு என்ன ஆகும்னு ஒருநாள் கேட்டேன். தலை வலிக்கும், அசடே, உடனே மேலே வந்துடுவேன்னார். வரட்டும், சரிப்படாதுன்னு விட்டுடட்டும்னு நெனச்சேன். அடுத்து நாகப்பட்டினம் கடல்னு சொல்லிண்டிருந்தாரே!”

சகாயநாதன் நோட்டை நீட்டினார்.

‘8.30. தலைவலி. இன்று ஏகாதசி, காப்பி இல்லை. அதுதான்.’

‘10.00. மூச்சு வாங்குகிறது. பயத்தினால் இருக்கும். சுண்ணாம்பு நானே கட்டியது, சந்தேகம் வேண்டாம்.’

‘11.00. இன்னும் ஒரு மணி நேரம்தான். வேதாவிடம் தலைவலியைச் சொல்லக் கூடாது.’ கடைசி வரி கோணலாக இறங்கியிருந்தது.

“ஏகாதசின்னா பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டார். பொழுது விடிஞ்சா தலைவலி. முப்பது வருஷமா தைலம் தேய்ச்சவ நான்” என்றார் வேதவதி. “அதனாலதானே ஞாயித்துக்கிழமைன்னதும் துணிஞ்சேன். துவாதசி, விரதம் முடிச்சுப் பாரணை பண்ணி, காப்பி குடிச்சுட்டுப் போவார். வலிச்சா சுண்ணாம்புன்னு தெரிஞ்சுப்பார்னு... காலையில போயிட்டு வரேன்னார். பெருமாள் சேவிக்கப் போறார்னு இருந்துட்டேன்.”

ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால், ஒரு வார்த்தை இவர் சொல்லியிருந்தால். சகாயநாதனுக்கு அந்த வீட்டில் நிற்கவே முடியவில்லை.

“அந்த வீரமலையை விடச் சொல்லுங்கோ. புள்ளத்தாச்சி காத்துண்டிருப்பா.”

“இப்பவே சொல்லிடறேன். நீங்க வரணும்மா.”

“வரேன்.”

“இந்தச் சுண்ணாம்பை ஏன் கொட்டாம வெச்சிருந்தீங்க?”

“கோவமா திரும்பி வருவார். ஆரத்தி கரைச்சு எடுத்துண்டே எல்லாத்தையும் சொல்லிடணும்னு வெச்சிருந்தேன்.”

சிவந்த தட்டு இருவருக்கும் நடுவே இருந்தது. அதை எடுத்துக் கொட்ட இருவருக்குமே மனம் வரவில்லை.