காயாத வாசல்

வசுமதி கல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் குடியிருப்புக்கு வந்து சேர்ந்த அன்று மார்கழி பிறந்திருந்தது. கணவன் ஜெய்ராமுக்கு வங்கியில் அசன்சோலிலிருந்து மாற்றல். லாரியிலிருந்து பெட்டிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே குடியிருப்புச் சங்கச் செயலாளர் சேஷாத்ரி மாமா காபி ஃப்ளாஸ்க்குடன் வந்துவிட்டார்.

"அசன்சோல்ல உங்க கோலத்தைப் பத்திப் பேசாதவா இல்லையாமே? இனிமே நம்ம வாசல் உங்க பொறுப்பு. நடைபாதை பூரா அடைச்சுப் போடணும், அந்த லைட் கம்பம் வரைக்கும்."

"விடியக்காலம்பற எழுந்து போட்டுடறேன் மாமா."

"வேண்டாம், வேண்டாம். இங்கே சாயங்காலமே தெளிச்சுப் போட்டுடறது வழக்கம்."

வழக்கம் விநோதமாகத்தான் இருந்தது. ஆனால் வந்த இடத்தில் முதல் நாளே கேள்வி கேட்பானேன் என்று அவள் தலையாட்டிவிட்டாள்.

டிசம்பரில் கல்கத்தா சீக்கிரமே இருட்டிவிடும். ஏரிப் பக்கத்திலிருந்து பனிமூட்டம் இறங்க, காவலாளி பிஷு ரப்பர் குழாயைத் திறந்துவிட்டார். அது வாசல் தெளிப்பதாக இல்லை, வயலுக்குப் பாய்ச்சுவதாக இருந்தது. மாடியின் நீட்டலுக்குக் கீழே பனி படாத நடைபாதை அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான். அது ஊறிக் கறுத்ததும் வசுமதி குனிந்து புள்ளி வைத்தாள். நெளிவும் சுழிவுமாகக் கோலம் கம்பம் வரைக்கும் ஓடியது.

நிமிர்ந்தபோது எதிரே ஒருத்தி நின்றிருந்தாள். தலையில் மூட்டை, முந்தானைக்குள் கைக்குழந்தை. டாக்குரியா ரயில் பாதையோரம் குடிசைகளை இடித்தபோது வெளியே வந்தவள். பாருல் என்று பெயர்.

"அழகா இருக்கு தீதி," என்று அக்கா முறை வைத்து வங்காள மொழியில் சொன்னாள். பிறகு தயங்கி, "தரை எப்போ காயும்? இவனைப் படுக்க வைக்கணும்."

வசுமதிக்குக் காதெல்லாம் சூடேறியது. அழகாகப் போட்டோம் என்று இருந்தாளே! மஹாலக்ஷ்மியை வரவழைக்கிற கோலத்தைக் கொண்டு ஒரு பச்சைக் குழந்தையை விரட்டியிருக்கிறாள். அதற்குள் பாருல் மூட்டையோடு தெருமுனைக்கு நடந்துவிட்டிருந்தாள்.

காலையில் பார்த்தபோது நடைபாதை இன்னும் ஊறிக் கிடந்தது. நடுவில் மட்டும் உலர்ந்திருந்தது. ஒருக்களித்துச் சுருண்ட ஒரு பெண்ணின் வடிவம். அவள் வயிற்றை ஒட்டி, சின்னதாக இன்னொன்று. கோலத்தின் இழை ஒன்றுகூடக் கலையவில்லை.

கண்ணை நம்பாமல் ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றிப் பார்த்தாள்.

தண்ணீர் விலகி ஓடியது.

பிஷு குழாயைச் சுருட்டியபடி கிசுகிசுத்தார். "ஊற்றாதீங்க தீதி. போன வருஷம் இங்கே ஒருத்தி பிள்ளையோட படுத்திருந்தா, அவ மேல நான் ஊற்றினேன். எழுந்திருக்க மாட்டேங்கறாள், ஊற்றுன்னார் செயலாளர். தூங்கறாள்னுதான் நினைச்சேன். விறைச்சுப் போய்க் கிடந்தா, பிள்ளையும் கூட. வண்டி வந்து எடுத்துட்டுப் போனதும் அதே இடத்தில் பெரிய கோலம் போட்டாங்க."

அன்று சாயங்காலம் வசுமதி கோலம் போடவில்லை. பிஷுவையும் குழாயைத் தொடவிடவில்லை. நேரே குடியிருப்பின் பஜனை ஹாலுக்குப் போனாள். சேஷாத்ரி மாமா சுவாமி படங்களுக்கு மாலை சாத்திக்கொண்டிருந்தார்.

"இந்த ஹால் ராத்திரி சும்மாத்தானே மாமா கிடக்கு? வாசல்ல கைக்குழந்தையோட நிக்கறாளே பாருல், அவ படுத்துக்கட்டும்."

"நன்னாயிருக்கு! சுவாமி இருக்கற இடம்மா இது."

"அதனாலதான் கேக்கறேன்."

"இன்னிக்கு ஒருத்தின்னு சொல்லுவேள், நாளைக்கு டாக்குரியாவே வந்து நிக்கும். அப்புறம் ஃப்ளாட் என்ன விலைக்குப் போகும்? கல்கத்தாவைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"கல்கத்தா தெரியாது மாமா. குளிர் தெரியும். குழந்தை மேல தண்ணி ஊத்திட்டு அது மேலேயே கோலம் போட்டேளே, அந்தப் பொடியை எந்த சுவாமி மிதிச்சுண்டு உள்ளே வருவார்னு நினைச்சேள்?"

அவர் மாலையைக் கீழே வைத்தார். "வாடகைக்கு வந்தவா வாடகைக்கு வந்தவா மாதிரி இருக்கணும்."

உடம்பெல்லாம் கொதிக்க வீடு திரும்பினாள். படுக்கையறையில் ஊறின சாக்கின் வாடை அடித்தது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

மெத்தையில் கை வைத்தாள்.

ஈரம்.

சுருண்ட பெண்ணின் வடிவம். ஒட்டிக்கொண்டு, சின்னது.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குழந்தையின் இருமல் கேட்டது. அடைத்துக்கொண்ட, சளி இழுக்கிற இருமல். அவள் குனிந்து பார்க்கவில்லை. ஓடவும் இல்லை. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. "மன்னிச்சுக்கோம்மா," என்றாள், கை கூப்பி.

கதவு தட்டும் சத்தம். வாசலில் சேஷாத்ரி மாமாவின் மனைவி ஜகதாம்பாள், முகம் வெளுத்து நின்றிருந்தாள்.

"உங்காத்துலயுமா?" என்று அறைக்குள் எட்டிப் பார்த்தவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்காத்துல ஒரு வருஷமா இருக்கு. மெத்தை மாத்தி மாத்திப் பார்த்துட்டேன், காயவே மாட்டேங்கறது. அவர் சோபாவுல உக்காந்துண்டே தூங்கறார். வெளியே சொன்னா சங்கத்துக்கு அவமானமாம்." இடுப்பிலிருந்து ஹால் சாவியை எடுத்து வசுமதியின் கையில் திணித்தாள். "திறந்து விடுங்கோ. நான் பார்த்துக்கறேன்."

அன்று இரவு பாருல் ஹாலில் படுத்தாள். வசுமதி புது மெத்தையும் ஒரு பெரிய கம்பளிப் போர்வையும் கொண்டுவந்து போட்டாள்.

விடிந்ததும் பொங்கலோடு ஹாலுக்குப் போனபோது அங்கே சேஷாத்ரி மாமா நின்றிருந்தார். "யாரைக் கேட்டுத் திறந்தேள்? எழுந்திருக்கச் சொல்லுங்கோ இவளை!" என்று கத்திக்கொண்டிருந்தார். பாருல் அவரைப் பார்க்கவே இல்லை. மடியில் குழந்தை நிறைவாகத் தூங்கியது. அதன் உதட்டோரம் பால் வழிந்திருந்தது.

"வயிறு நிறைஞ்சிருக்கு போலிருக்கே," என்றாள் வசுமதி.

"எனக்குப் பால் எப்பவோ வத்திப் போச்சு தீதி," என்றாள் பாருல் மெதுவாக. "நான் கொடுக்கலை."



"யார் கொடுத்தா?" என்று கேட்டார் சேஷாத்ரி மாமா.

பாருல் குழந்தையை அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கமாக நகர்ந்து, மெத்தையில் பாதியைக் காலியாக விட்டுப் படுத்தாள்.

போர்வையின் மறு நுனி மெல்ல இழுபட்டது.