கண்ணாடி வீட்டுச் செடி

எண்பத்தெட்டு மே மாதம். கிழக்குத் தாம்பரம் முழுக்க ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சுருண்டு கிடந்த மத்தியான நேரத்தில், கரண்ட் போய் ஃபேனும் நின்றுபோன செல்வமேரியின் வீட்டில், பின்னறைத் தரை மட்டும் சில்லென்றிருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தோசைக்கல்லாகக் காய வேண்டிய அறையில் பாசி வாசனையும், மக்கிய இலை வாசனையும் எங்கிருந்தோ கசிந்து வந்தன. அது ஊட்டி வாசனை என்று அவளுக்குத் தெரிந்தது.

ஈஸ்டர் முடிந்த கையோடு சர்ச்சில் பஸ் பிடித்து ஊட்டிக்குக் கூட்டிப் போனார்கள். பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்: "கேட்டு வாங்கினா வராது மேரி. தெரியாம கிள்ளிக்கினு வந்து வச்சாதான் செடி புடிக்கும்." அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் தோட்டம் போட்டிருந்தார்கள். அதை யாரும் திருட்டு என்று நினைத்ததே இல்லை.

பொட்டானிகல் கார்டன் கண்ணாடி வீட்டில் அந்தச் செடி இருந்தது. அடிப்பக்கம் ரத்தமாய்ச் சிவந்த இலைகள். தோட்டக்காரர் பக்கத்திலேயே நின்றார். தான் பிடிபட்டால் மானம் போகும், குழந்தையை யார் திட்டப்போகிறார்கள்? ஐந்து வயது மகள் பட்டுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "கிள்ளுடி செல்லம்" என்றாள். பட்டு கிள்ளினாள். வெள்ளையாகப் பால் பிசுபிசுத்தது. எத்தனை சோப்பு போட்டும் கிள்ளிய இரண்டு விரல்நுனியில் கறை போகவில்லை.

டால்டா டின்னில் நட்டு, பின்னறை மூலையில் வைத்தாள். தாம்பரத்து வெயிலுக்குக் கருகிவிடும் என்று பார்த்தால், மளமளவென்று வளர்ந்தது. முதலில் பெருமையாகக்கூட இருந்தது.

"இன்னா மேரி, உன் வூடு ஏசி தியேட்டராட்டம் கீது! கொழந்தைக்கு ஒரு வேர்க்குருகூட இல்லியே!" என்று கிளியம்மாள் பட்டுவின் கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளிய கையை வெடுக்கென்று இழுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அவள் இந்தப் பக்கமே வரவில்லை.

பட்டுவுக்கு வியர்க்கவில்லை. பசிக்கவுமில்லை. எந்நேரமும் அந்த அறையிலேயே தரையோடு தரையாகக் கிடந்தாள். எழுந்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும்தான்.

"உடம்பு சுட்டாதான் காய்ச்சல். ஜில்லுனு இருந்தா எதுக்கு டாக்டரு? சும்மா பேஜார் பண்ணாத மேரி" என்று சொல்லிவிட்டு, கணவன் தனசிங் இன்று காலையும் ரயில்வே ஷெட் வேலைக்குப் போய்விட்டான்.

இப்போது செல்வமேரி வெறும் காலோடு அந்தச் சில்லென்ற தரையில் இறங்கி மூலைக்குப் போனாள். எல்லாம் இந்தச் செடியால்தான். இதைப் பிடுங்கி எறிந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். பட்டு கட்டிலுக்கு அடியில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். தூங்கட்டும்.

டின்னைத் தூக்கினாள். வரவில்லை. துருப்பிடித்த அடியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வேர் சிமெண்ட் விரிசலுக்குள் இறங்கியிருந்தது. தண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, வலிக்குது."

கை நின்றது. தூக்கத்தில் உளறுகிறாள். அவ்வளவுதான். கர்த்தரே, அவ்வளவுதான்.

மறுபடி இழுத்தாள். மெதுவாக.

கட்டிலுக்கு அடியில் அந்தச் சின்ன உடம்பு நகர்ந்தது. டின் பக்கமாக. அவள் இழுத்த அளவுக்கு.

மண்டியிட்டுக் குனிந்தாள். இருட்டு. ஈரம். தரையில் ஊன்றிய பட்டுவின் கை. அந்த இரண்டு விரல். நுனி தெரியவில்லை. விரிசலுக்குள் போயிருந்தது. சுற்றிலும் வெள்ளையாக, நூல் நூலாக.

"பட்டு..."

பட்டு திரும்பினாள். மே மாத மத்தியானத்தில் அவள் மூச்சு பனிப்புகையாக வந்தது.

"தண்ணி ஊத்தும்மா" என்று வாயைத் திறந்தாள். நாக்குக்கு அடியில், அடிப்பக்கம் சிவந்த குட்டி இலை ஒன்று, பாதி சுருண்டபடி இருந்தது.