பதினேழாம் நம்பர் வில்லை

பலகையில் பதினேழாம் ஆணியில் வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பிடப் போகும்போது அந்த ஆணி வெறுமையாகத்தான் இருந்தது என்று சவரிராயனுக்கு நன்றாகத் தெரியும்.

ஓமலூர் சாலையில் இருந்த அந்த நூற்பாலையில் நம்பர் பொறித்த பித்தளை வில்லை இல்லாமல் ஒருவரும் உள்ளே போக முடியாது. யாருக்கு எந்தக் கதவைத் திறக்கலாம் என்று பதிவேட்டில் எழுதுவது டைம் ஆபீஸ் ரைட்டர் சவரிராயனின் வேலை. வேலையை விட்டுப் போகிறவர் வில்லையைக் கொடுத்துப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். அப்புறம்தான் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பார்.

பதினேழு, மிக்கேலுடையது. மாதா படம் கோத்த உத்தரியக் கயிற்றிலேயே வில்லையையும் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தவன். இருபது நாளுக்கு முன் காய்ச்சலில் செத்தான். கயிற்றை அறுக்கக் கூடாதென்று மனைவி அந்தோணிமேரி அழுததால் அப்படியே பெட்டியை மூடிப் புதைத்தார்கள். சவரிராயனும் ஒரு பிடி மண் போட்டார். வில்லை தொலைந்தால் ரைட்டருக்குச் சீட்டுக் கிழியும், ஆலை கொடுத்த லைன் வீடும் போகும். பிறகு மனைவி ஜெபமலரையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது? சாவு வீட்டில் அதைக் கேட்கவும் வாய் வரவில்லை. மறுநாள் ‘வில்லை வந்தது’ என்று எழுதி, ரேகைக்குத் தன் பெருவிரலையே வைத்துவிட்டார்.

எவனோ குழியைத் தோண்டியிருக்கிறான். காவல்காரன் மேல்தான் சந்தேகம் போயிற்று. காசு பிடுங்கப் பார்க்கிறானோ? கேட்டுக்குப் போனார்.

“சின்னுசாமி! உள்ள யாரு வந்தது?”

“ஆரும் வல்லீங்க ரைட்டரய்யா. நான் கேட்ட உட்டு நவுரவே இல்லீங்க.”

பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அறைக்குத் திரும்பினார். நூல் நூற்கும் கதிர்களின் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. பஞ்சு வாடையோடு ஈர மண் வாடையும் சாம்பிராணி வாடையும் கலந்து மூக்கில் ஏறின.

பதிவேட்டைத் திறந்தார். மிக்கேலின் பக்கம் அவர் எழுதி வைத்தபடியே இருந்தது. அடுத்தடுத்துப் புரட்டினார். தன் பக்கம். தன் பெயர்.

குறுக்கே சிவப்புக் கோடு.

‘வில்லை வந்தது.’ கீழே ஒரு பெருவிரல் ரேகை. மையில்லை. செம்மண். இன்னும் ஈரம்.

சட்டைப் பையைத் தடவினார். அவருடைய வில்லை இல்லை.

கேட்டில் சின்னுசாமியின் குரல் கேட்டது. “ஏனுங்க ரைட்டரய்யா, இப்பத்தான உள்ள போனீங்க? கையெல்லாம் ஏனுங்க செம்மண்ணு?”

சவரிராயன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினார். சின்னுசாமி திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே, சவரிராயன் போட்டிருந்த அதே சட்டையில் ஒரு முதுகு, பட்டப்பகல் வெயிலில், ஜெபமலர் இருக்கும் லைன் வீட்டை நோக்கி நிதானமாக நடந்துகொண்டிருந்தது.