கடலில்லாத ஊரில் ஒரு மீன்பொறி

உலகிலுள்ள மனிதர்கள், மரங்கள், பறவைகள், பூச்சிகள் அனைவருக்கும் ஓர் அதிமுக்கிய அறிவிப்பு: இந்த மண்ணில் வேலி கிடையாது! எந்த உயிரும் இன்னோர் உயிரைத் தடுக்காது! இப்படிக்கு, இயக்குநர் ஷர்காவி.

தெற்கு மொராக்கோவின் ஒரு மலையடிவாரத்தில், 'பசுமைக் குடும்பம்' என்ற இயற்கைக் குடியிருப்பின் வாசலில் இப்படி எழுதி வைத்திருந்தார்கள். ஆடுகளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எப்படியோ விஷயம் அவற்றின் காதுக்குப் போய்விட்டது.

எம்னாவுக்குப் பத்து வயது. அவளும் அம்மா ரஃபீக்காவும் துனீசியாவின் கெர்கென்னா தீவிலிருந்து இங்கே வந்திருந்தார்கள். அழிந்துபோன காட்டை மறுபடி வளர்ப்பது எப்படி என்று அம்மா ஓராண்டு படிக்கிறார். அப்பா தீவிலேயே மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

படிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு சரிவும், நடுவதற்கு, எண்ணெய்க் கொட்டை தரும் ஆர்கன் மரக் கன்றுகளும் தருவார்கள். கோடை முடியும்போது பாதிக் கன்றுகளாவது உயிரோடு இருந்தால் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகலாம். இல்லாவிட்டால் இன்னும் ஓராண்டு இருந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னும் ஓராண்டு! எம்னா அதை நினைக்கவே விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் அப்பா போனில் பேசுவார்.

"சாப்பிட்டியா கண்ணு? என்ன சாப்பிட்ட?"

"பார்லிக் கஞ்சி. இங்க வருஷம் பூரா பார்லிக் கஞ்சிதான். அப்பா, போனைக் கொஞ்சம் கடல் பக்கம் காட்டுங்க."

அப்பா பேச்சை நிறுத்திவிட்டுப் போனை நீட்டுவார். சளக், சளக் என்று அலை கேட்கும். எம்னா கண்ணை மூடிக்கொள்வாள். கண்ணைத் திறந்தால் எங்கே திரும்பினாலும் மலைதான். காற்றில் உப்பே இல்லை.

அம்மாவின் கன்றுகள் வசந்தம் வரை நன்றாக இருந்தன. கோடை தொடங்கியதும் தினம் சில மொட்டையாகின.

"யாரோட ஆடு இது?" என்று ஒருநாள் எம்னா சரிவில் நின்று கத்தினாள்.

"என்னோடதுதான். ஏன், கடிச்சிடுச்சா?" என்று கேட்டாள் பாறைமேல் உட்கார்ந்திருந்த சிறுமி. பக்கத்து ஊர் இஜ்ஜா. பள்ளி விடுமுறையில் ஆடு மேய்க்கிறாள்.

"எங்க அம்மாவோட மரத்தைத் தின்னுது!"

"அது மரமா? நான் கீரைன்னு நினைச்சேன்."

"காட்டுல போய் மேய்க்க வேண்டியதுதானே?"

"காட்டைச் சாத்தியாச்சு" என்றாள் இஜ்ஜா. "ஆர்கன் பழம் பழுத்து உதிர்ற வரைக்கும் எந்த ஆடும் உள்ளே போகக் கூடாது. இது எங்க ஊர் வழக்கம். மீறினா காவல்காரர் அபராதம் போடுவார். வேற எங்க போனாலும் கல்லால அடிக்கிறாங்க. இங்க வந்தாத்தான் உங்க இயக்குநர் ஐயா கையை விரிச்சு 'வருக, சகோதரா'ன்னு கூப்பிடறார். நீயே சொல்லு, ஆடு எங்க வரும்?"

எம்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்போதுதான் கவனித்தாள். ஆடுகளின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. அவற்றைத் திட்டவும் மனம் வரவில்லை.

மறுநாள் அம்மா குடியிருப்புக் கூட்டத்தில் எழுந்து நின்றார். "ஒரு சின்ன வேலி மட்டும்..."

கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. இயக்குநர் கண்ணை மூடினார்.

"வேலியா? சகோதரி ரஃபீக்கா, முதலில் நம் மனத்தில் உள்ள வேலியை அகற்றுவோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். அன்று மாலைக்குள் மேலும் ஏழெட்டுக் கன்றுகள் மொட்டையாகிவிட்டன.

அம்மா வெறும் குச்சியாக நின்ற கன்றின் முன்னால் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அடுத்த வருஷம் உனக்கு இங்கேயே பள்ளிக்கூடம் பார்க்கணும் போலிருக்கு" என்றார்.

எம்னா எழுந்து சமையலறைப் பின்பக்கம் போனாள். அழுவதற்கு அதுதான் வசதியான இடம். அங்கே காய்ந்த பேரீச்ச மட்டைகள் குவிந்து கிடந்தன. அவற்றை என்ன செய்வது என்று மூன்று கூட்டங்கள் நடந்து, முடிவு தள்ளிப் போயிருந்தது.

ஒரு மட்டையை எடுத்து மண்ணில் குத்தினாள். பக்கத்தில் இன்னொன்று. அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இப்படித்தான் நடுவார். அவள் மட்டைகளை எடுத்துக் கொடுப்பாள். வரிசையாக ஐந்தாறு நட்டதும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

"என்னது இது?" என்று பின்னாலிருந்து கேட்டாள் இஜ்ஜா.

"எங்க ஊர் மீன்பொறி. கடலுக்குள்ள மட்டையாலயே நீளமா சுவர் வைப்போம். மீன் வந்து முட்டும். திரும்பிப் போகத் தெரியாது. சுவரை ஒட்டியே போய்க் கடைசியில இருக்கிற அறைக்குள்ள விழுந்திடும்."

"அவ்வளவு முட்டாளா மீன்?"

"உன் ஆடு மட்டும் என்னவாம்?"

இஜ்ஜா கோபப்படவில்லை. யோசித்தாள். எம்னாவும் யோசித்தாள். இருவரும் ஒரே நேரத்தில் மட்டைக் குவியலைப் பார்த்தார்கள்.

இரண்டு நாட்கள் கை கீறக் கீற நட்டார்கள். ஆடுகள் வரும் வழிக்குக் குறுக்கே தொடங்கி, சரிவைச் சுற்றி, சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு வட்டத்தில் சுவர் முடிந்தது. வட்டத்துக்குள் முலாம்பழத் தோல், காய்கறிச் சீவல், தவிடு எல்லாவற்றையும் எம்னா கொட்டினாள்.

ஆடுகள் வந்தன. சுவரைப் பார்த்தன. அதன் மேல்முனையைச் சுற்றிக்கொண்டு கன்றுகளிடம் போய்விட்டன.

"உங்க ஊர் மீனைவிட எங்க ஆடு புத்திசாலி" என்றாள் இஜ்ஜா, பெருமையும் வருத்தமுமாக.

அன்று வெள்ளிக்கிழமை. "அப்பா, மீன் சுத்திக்கிட்டுப் போனா என்ன செய்வீங்க?" என்று எம்னா போனில் கேட்டாள்.

"கரையிலேர்ந்தே சுவரை ஆரம்பிக்கணும். நடுவுல ஆரம்பிச்சா மீன் சிரிச்சிட்டுப் போயிடும். ஏன் கண்ணு கேக்கறே?"

"சும்மாதான்."

இங்கே கரை எது? எம்னா சரிவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மேலே, ஆடுகூட ஏற முடியாத செங்குத்துப் பாறை ஒன்று இருந்தது. அதுதான் கரை! விட்ட இடைவெளி முழுவதும் மட்டை நட்டுப் பாறையோடு சேர்த்தாள்.

மறுநாள் ஆடுகள் முட்டின. நின்றன. பிறகு சுவரை ஒட்டியே வரிசையாக நடந்து வட்டத்துக்குள் போய்த் தோல் தின்னத் தொடங்கின. இஜ்ஜா பாறை நிழலில் காலை நீட்டிப் படுத்துவிட்டாள்.

இயக்குநர் ஓடி வந்தார். "யார் வைத்தது இந்த வேலி?"

"இது வேலி இல்லைங்க ஐயா" என்றாள் எம்னா. "வேலி 'வராதே'ன்னு சொல்லும். இது 'இப்படி வா'ன்னு சொல்லுது. சாப்பாடும் போடுது."

இயக்குநர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். அதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போட்டார்கள். கூட்டம் ஒரு முடிவுக்கு வருவதற்குள் கோடையே முடிந்துவிட்டது. மொட்டையான கன்றுகளில் பலவும் துளிர்த்திருந்தன. பாதிக்கும் மேல் உயிரோடு இருந்தன.

சான்றிதழ் விழாவுக்கு நகரத்திலிருந்து விருந்தினர்கள் வந்தார்கள். இயக்குநர் மேடையேறினார்.

"நண்பர்களே! வேலி 'வராதே' என்கிறது. நானோ, 'இப்படி வா' என்றேன்!"

"அவரா சொன்னார்?" என்று இஜ்ஜா கிசுகிசுத்தாள்.

"இருக்கட்டும் விடு" என்றாள் எம்னா.

"இந்த மகத்தான முறையை உலகுக்கே கற்பிக்க, சகோதரி ரஃபீக்காவுக்கு ஒரு கௌரவம் அளிக்கிறேன். அவர் இன்னும் ஓராண்டு நம்முடனேயே இருக்கலாம்!"

கைதட்டல் வானைப் பிளந்தது. அம்மா எம்னாவைப் பார்த்தார். எம்னா காய்ப்பு விழுந்த தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கையிலிருந்த சான்றிதழைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "கிளம்பு, வண்டி வந்துடும்" என்றார் மெதுவாக.

இஜ்ஜா சாலை வரை கூடவே வந்தாள். மட்டை கீறிய கையால் எம்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் நடந்தாள். "கடல்கிட்டப் போனதும் போன் பண்ணு. நானும் அலைச் சத்தத்தைக் கேக்கணும்" என்றாள்.

இயக்குநர் பேசி முடித்தபோது பேருந்து போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.