காடவேள் கட்டிய கரை

கீழ்வானில் எழுந்த முழுமதி காடவேள் பேரேரியின் அலைகள்தோறும் வெள்ளிப்பொடியைத் தூவத் தொடங்கிய அந்திவேளையில், பகைவரின் வேல்முனைகள் சூழ ஏரிக்கரையின்மீது நின்றிருந்தாள் பூதிநங்கை. கரையின் மறுபுறம், தாழ்ந்து கிடந்த வயல்வெளியெங்கும் பகைவரின் பாசறை விரிந்திருந்தது. அதற்கும் அப்பால், குன்றின் உச்சியில், மூன்று திங்களாக முற்றுகையில் சிக்கிய வெண்குன்றக் கோட்டை விளக்கின்றி இருண்டிருந்தது.

"வலைச்சி என்கிறாய். காவலைக் கடந்து இங்கே ஏன் வந்தாய்?" என்றான் பகைப்படையின் தண்டநாயகன் துக்கரையன்.

"மீன் பிடிக்க வந்தேன், ஐயா. ஊரார் அனைவரும் கோட்டைக்குள் பட்டினி கிடக்கிறார்கள்."

"கிடக்கட்டும். உங்கள் காடவேள் செத்தபின் அவன் பெயரைச் சொல்ல மிஞ்சியது இந்த ஏரி ஒன்றுதான். அதனால்தான் இதன் காலடியிலேயே துணிந்து பாசறை அமைத்தேன். தகப்பன் கட்டிய கரையை எந்தப் பிள்ளை உடைக்கும்?"

பூதிநங்கையின் நெஞ்சு கனன்றது. அன்பார்ந்த வாசகர்களே, மரணப் படுக்கையிலும் "கரை உறுதியாக இருக்கிறதா?" என்றே கேட்ட அந்தக் காடவேளின் ஒரே மகள் அவள்தான். சற்றுமுன் தென்மதகின் தாழம்புதர் மறைவில், அவளுக்கு மணம் பேசப்பட்டிருந்த வீரன் சாத்தன், காடவேளின் பெயர் பொறித்த கல்லைக் கண்டு வெட்டத் தயங்கியபோது, மண்வெட்டியை வாங்கிக் கரையில் முதல் வெட்டை வெட்டியவளும் அவளே. சாத்தன் வெட்டி முடிக்கும்வரை காவலரை அங்கிருந்து இழுக்கவே வலைச்சி வேடத்தில் வலியச் சிக்கியிருந்தாள்.

"நான் உடைப்பேன்" என்றாள் நிதானமாக. "காடவேளின் மகள் நான். கோட்டைக்குள் இருக்கும் மக்களுக்காகவே என் தந்தை இந்த ஏரியை வெட்டினார். அவர்கள் மடிந்தபின் இந்தக் கரை யாருக்கு?"

துக்கரையன் உடைவாளை உருவினான். அதற்குள் தென்மதகின் பக்கம் நிலம் அதிர்ந்தது. மலைபோல் எழுந்த வெள்ளம் கூடாரங்களையும் குதிரைகளையும் வாரிச் சுருட்டியது. வீரர்கள் திகைத்துத் திரும்பிய கணத்தில் பூதிநங்கை ஏரியில் பாய்ந்தாள்.

"பாதகி, உன் தகப்பன் பெயரையே அழித்தாயே" என்று கரையிலிருந்து அலறினான் துக்கரையன். அம்புகள் நீரைத் துளைத்தன.

உடைப்பை நோக்கி இழுத்த நீரோடு போராடி உடைப்புக்கு அப்பாலிருந்த கரையை அடைந்தவளை, அங்கே காத்திருந்த சாத்தன் கைகொடுத்துத் தூக்கினான். வற்றத் தொடங்கிய ஏரியின் சேறு நிலவில் மின்னியது. அவள் உதடுகள் துடித்தன.

"அழ வேண்டாம், தேவி."

"இப்போது அழமாட்டேன். துக்கரையனை இந்நாட்டு எல்லைக்கு அப்பால் துரத்தி, இந்தக் கரையை என் கையால் மீண்டும் எழுப்பும்வரை மணமாலை சூடமாட்டேன். இது என் தந்தைமேல் ஆணை" என்று சொல்லிவிட்டு, பூதிநங்கை அவன் இடையிலிருந்த வாளை உருவிக்கொண்டு கோட்டையை நோக்கி நடந்தாள்.