நாற்பது முறை மன்னித்தவள்

முப்பத்தெட்டாவது முறையாக இசக்கிராஜன் தன் தங்கையின் முன்னால் அழுதான்.

ஒத்திகை அறையின் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் பொன்சீதா உட்கார்ந்திருந்தாள். நாற்காலி நிஜம். அதில் இருந்தவள் ஒளி. சேலையின் மடிப்பு, நெற்றியோரத்து நரை, மூச்சுக்கு ஏறி இறங்கும் தோள், எல்லாம் சரியாக இருந்தன.

"தங்கச்சி, மன்னிப்புக் கேக்க எனக்குத் தகுதியில்ல. இருந்தாலும் கேக்குதேன்."

மூன்று எண்ணும் நேரம் அவள் பேசவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்காவத்தான அண்ணே செஞ்ச? உள்ள வா. சாப்புடு."

இசக்கிராஜனின் மணிக்கட்டில் இருந்த நெஞ்சுணரிப் பட்டை பச்சையிலேயே நின்றது. ஆரம்ப நாட்களில் அது சிவந்து துடிக்கும். இப்போது அவன் அழும்போதுகூட நாடி ஏறுவதில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இயந்திரத்தை இயக்கும் மீரான் பொத்தானை அழுத்தினார். பொன்சீதா அணைந்தாள்.

"இத்தன நாளாப் பாத்துப் பாத்து எனக்கே அந்தப் புள்ள பழகிட்டு மேடம். ரோட்டுல கண்டா, நல்லாருக்கியாம்மான்னு கேட்டுருவேன் போல."

சிறையின் மீள்வழி அலுவலர் ரோஸ்லின் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு ஒத்திகை என்று கைப்பலகையில் குறித்துக்கொண்டாள்.

தண்டனை முடிகிறவன் வெளியே யார் யாரை எதிர்கொள்ள வேண்டுமோ அவர்களில் ஆறு பேருக்கு ஒளியாலான நிழலர் செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். அந்த ஆறு பேரும் பதிவகத்துக்கு வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். திட்டுவார்கள், சிலர் அழுவார்கள். அதற்கு முகம் கொடுப்பது என்று பெயர். அதிலிருந்து இயந்திரம் நிழலரை வார்க்கும். கைதி ஒவ்வொரு நிழலரோடும் நாற்பது முறை பேசிப் பழக வேண்டும். கடைசி மூன்று முறையும் பட்டை பச்சையாகவே இருந்தால் கதவு திறக்கும். இந்த முறை வந்த பிறகு வெளியே போய் அடிதடியில் சிக்கித் திரும்பி வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். ரோஸ்லினுக்கு அதில் நம்பிக்கை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

இசக்கிராஜனின் ஆறு பேரில் ஐந்து பேர் முகம் கொடுத்துவிட்டார்கள். அவன் பழைய லாரி முதலாளி, டீக்கடைக்காரர், தாய்மாமன், அடுத்த வீட்டுத் தம்பதி. ஆறாவது பெயர் பொன்சீதா. பதினோரு வருடங்களுக்கு முன் அவன் கொன்றது அவள் கணவன் லிங்கதுரையை. தங்கையை அடித்தான் என்று கேட்டு, வண்டியில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

பிப்ரவரியில் ரோஸ்லின் அவளைத் தேடிப் போனாள். தூத்துக்குடிக்குத் தெற்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் கேன்டீனில் பொன்சீதா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"மூணு மணி நேரம் நான் பேசுனா, அத வச்சு என்ன செய்விய?"

"உங்க நிழலர் செய்வோம். உங்க அண்ணன் அதுகிட்டப் பேசிப் பழகுவாரு. நீங்க அவரைத் திட்டினாலும் சரிதான், அதையும் அப்படியே எடுத்துக்கும்."

"எத்தன தடவ பழகுவான்?"

"நாப்பது."

கத்தி நின்றது.

"நாப்பது தடவ அவன் அழுவான். நாப்பது தடவ நான் கேட்டுக்கிட்டு இருக்கணும், என்னா?"

"நீங்க கேக்க வேண்டியதில்ல. அந்த நிழலர்தான்..."

"என் மூஞ்சிதான அது? எங்க வீட்டுக்காரர் மூஞ்சிய அவன் எடுத்துட்டான். இத நான் வச்சுக்கிடுதேன் மேடம்."

திரும்பி வரும் வழியெல்லாம் ரோஸ்லின் யோசித்தாள். மறுப்பு என்று பதிந்தால் கோப்பு குழுவுக்குப் போகும். குழு கூடி முடிவெடுக்க இரண்டு வருடம் ஆகும். இவன் பதினோரு வருடம் இருந்துவிட்டான். ஒழுங்காக இருக்கிறான். சிறை நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை எல்லாம் ஒட்டி வைத்திருக்கிறான். இன்னும் இரண்டு வருடமா?

இறந்தவர்களுக்கும் ஊர் தெரியாமல் போனவர்களுக்கும் மாற்றுத் தகவல் என்று ஒரு பிரிவு உண்டு. அலுவலர்கள் தங்களுக்குள் அதை ஒட்டுப் போடுவது என்பார்கள். முகம் நீதிமன்றப் படங்களிலிருந்து வரும், வயதை இயந்திரம் கூட்டிக்கொள்ளும்; குரல் சாட்சிக்கூண்டுப் பதிவிலிருந்து. பேச்சுக்குக் கைதியையே உட்கார வைத்து, இவர் உங்களைப் பார்த்தால் என்ன சொல்வார் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். சந்தேகம் வராமலிருக்க ஆறு பேரைப் பற்றியும் கேட்பார்கள். எல்லா அலுவலரும் ஒன்றிரண்டு ஒட்டுப் போட்டவர்கள்தான். ரோஸ்லின் 'தொடர்புகொள்ள இயலவில்லை' என்ற கட்டத்தைத் தொட்டாள்.

ஒரு வாரம் கழித்து நடைவழியில் இசக்கிராஜன் அவளை நிறுத்தினான்.

"தங்கச்சி வந்து முகம் குடுத்துச்சா மேடம்?"

எது ஒட்டு என்று கைதிக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் ஒத்திகை பலிக்காது என்பது விதி. அவள் கைப்பலகையைப் பார்த்தபடி, "ம்" என்றாள்.

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு சாய்ந்தான். அந்த ஒற்றை எழுத்து அன்றிலிருந்து ரோஸ்லினை விடவில்லை. பல் துலக்கும்போது வரும். மகளுக்குத் தலை பின்னும்போது வரும். யாராவது எதையாவது கேட்டு அவள் ம் என்று சொல்லும்போதும் வரும்.

நாற்பதாவது ஒத்திகையும் பச்சையில் முடிந்தது.

விடுதலையானவனை முதலில் அழைத்துப்போக வேண்டிய இடம், அவனால் அதிகம் இழந்தவரின் வீடு, அல்லது அவர் வேலை செய்யும் இடம். முதல் வாசல் என்று கோப்பில் இருக்கும். கூடவே அலுவலரும் போக வேண்டும். பட்டை ஒரு மாதம் கையில் இருக்கும். அது பச்சையாக இருக்கும்வரை தானோடி வண்டி அவனை முன்னே கொண்டுபோகும். தொடர்ந்து பத்து நிமிடம் சிவந்தால் சிறைக்குத் திருப்பிக் கொண்டுவரும். சட்டம் வண்டிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

காலை பத்தரை மணிக்குக் கேன்டீன் வாசலில் இறங்கினார்கள். இறங்குவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று ரோஸ்லின் மூன்று முறை வாயெடுத்தாள். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தான். அந்த முகத்தைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை.

உள்ளே பொன்சீதா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நிழலரைவிட மெலிந்திருந்தாள். முன்பல் ஒன்று இல்லை; வாய் மூடிய நீதிமன்றப் படங்களில் அது தெரியவில்லை. இசக்கிராஜன் ஒத்திகையில் நின்ற அதே தூரத்தில் நின்று, அதே குரலில் சொன்னான்.

"தங்கச்சி, மன்னிப்புக் கேக்க எனக்குத் தகுதியில்ல. இருந்தாலும் கேக்குதேன்."

சொல்லிவிட்டு நிறுத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் பேசவில்லை. கஞ்சி வடிகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் இன்னும் காத்திருந்தான்.

"சொல்லு தங்கச்சி."

"என்னத்தச் சொல்ல?"

"எனக்காவத்தான செஞ்சன்னு."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"நீதான். நாப்பது தடவ சொன்ன. அழுதுக்கிட்டே சொன்ன."

பொன்சீதா அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி வாசலில் நின்ற ரோஸ்லினைப் பார்த்தாள். நிமிடக்கணக்கில் என்று தோன்றுமளவுக்குப் பார்த்தாள்.

"மூஞ்சிய குடுக்க மாட்டேன்னு உங்ககிட்ட வாயத் தொறந்து சொன்னேன்லா மேடம்?"

ரோஸ்லின் கைப்பலகையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேற என்னென்ன சொல்ல வச்சிய? நான் பேசுனது எனக்குத் தெரிய வேண்டாமா? சொல்லுங்க."

"உள்ள வா... சாப்பிடுன்னு..."

"ஓகோ. சோறு வேற போட்டனாக்கும்."

அடுப்படியில் இருந்த இன்னொரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பொன்சீதா சோற்றுப் பானையை நிமிர்த்தி வைத்து, கையைத் துடைத்து, அண்ணனை முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"போயிரு."

அவ்வளவுதான். திரும்பி அடுத்த உலைக்கான அரிசியைக் களைய ஆரம்பித்தாள். அவன் அசையவில்லை. பட்டை சிவந்து துடித்தது. பத்து நிமிடம் அவன் அங்கேயே நின்றான், ரோஸ்லினும் நின்றாள். வண்டி வாசலில் ஒலி எழுப்பிய பிறகுதான் இருவரும் வெளியே வந்தார்கள்.

வண்டி சிறையை நோக்கிப் புறப்பட்டது. இரு பக்கமும் உப்பளங்கள் வெயிலில் கூசின. தன்னை ஏசப்போகிறான் என்று ரோஸ்லின் காத்திருந்தாள். ஏசினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

"அவ வரவே இல்லியா மேடம்?"

"வரல."

அவன் தலையாட்டினான். பிறகு அவன் முகம் மெல்லத் தெளிந்தது. உதடுகள் அசைந்தன. பழகிய வரிகளை உள்ளுக்குள் சொல்லிக்கொள்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அவ கோவத்துல பேசுதா மேடம். நாலு பேரு முன்னால வேற எப்படிப் பேசுவா? மனசுக்குள்ள அவளுக்கு அந்த நெனப்புதான். எனக்குத் தெரியாதா, நாப்பது தடவ கேட்டுருக்கம்லா?"

பட்டை பச்சைக்கு மாறியது. வண்டி வேகத்தைக் குறைத்தது. 'நிலை சீரடைந்தது. முதல் வாசலுக்குத் திரும்புகிறோம்' என்று திரையில் எழுத்து ஓடியது. வண்டி சாலையின் குறுக்கே வளைந்து கேன்டீனை நோக்கித் திரும்பியது.

"இந்தத் தடவ பதட்டமில்லாமச் சொல்லிருவேன்" என்றான் இசக்கிராஜன்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பேச்சு எங்கேருந்து வந்துதுன்னு தெரியுமா உங்களுக்கு? பிப்ரவரியில உங்களை உக்கார வச்சு, தங்கச்சி உங்களைப் பாத்தா என்ன சொல்லும்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"ஆமா."

"நீங்க சொன்னதைத்தான் அது வாயில போட்டேன். வார்த்தைகூட மாத்தல. அது உங்க தங்கச்சி மன்னிச்சது இல்ல. நீங்களே உங்களை மன்னிச்சுக்கிட்டீங்க. நான் அதுக்கு உங்க தங்கச்சி மூஞ்சியத் திருடிக் குடுத்தேன்."

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு உப்பு லாரி கடந்துபோனது. இன்னொன்று கடந்தது.

"அன்னைக்கு அவ என் சட்டையப் புடிச்சு இழுத்தா மேடம்." குரல் வேறாக இருந்தது. ஒத்திகையில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. "போவாதண்ணே, ஒரு அடிதான், நாங்க பேசிக்கிடுதோம்னு கெஞ்சுனா. தட்டிவிட்டுட்டுப் போனேன். கீழ விழுந்து வாசப்படியில இடிச்சுக்கிட்டா. அந்தப் பல்லு... அன்னைக்குத்தான் போச்சு. கோர்ட்டுல நான் இத சொல்லல. அவளும் சொல்லல. உங்ககிட்டயும் சொல்லல."

பட்டை ஆரஞ்சாகி, சிவந்தது. அவன் அழவில்லை.

"வண்டிய அங்க விடாதிங்க மேடம். இனி அவ முன்னால நான் போய் நிக்கப்பிடாது."

அவள் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. சிவப்பு மாறாமல் பத்து நிமிடம் நின்றது. கேன்டீனின் தகரக் கூரை கண்ணில் பட்ட இடத்தில் வண்டி தானாகவே வளைந்து சிறைப் பக்கம் திரும்பியது. திரையில் அறிக்கை வந்தது.

'கைதி முதல் வாசலைத் தவிர்க்கிறார். சமூகத்தை எதிர்கொள்ளத் தயார் நிலையில் இல்லை. பரிந்துரை: மேலும் நாற்பது ஒத்திகை. நிழலர்: பொன்சீதா. அலுவலர் ஒப்பம் தேவை.'

அவனும் அதைப் படித்தான்.

"மறுபடி அவகிட்டயா?"

"ம்..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். "ஆமா. அதுகிட்டதான்."

"நான் வாயத் தொறக்கலன்னா?"

"தோல்வின்னு போடும்."

"எத்தன தடவ போடும்?"

"நீங்க பேசுற வரைக்கும்."

அவன் கணக்குப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தான்.

"அப்ப இருந்துட்டுப் போறேன்" என்றான்.

ரோஸ்லின் கைப்பலகையை எடுத்தாள். குறிப்புப் பகுதியில், 'கைதி தயாராக இருக்கிறார். இன்றுதான் தயாரானார்' என்று எழுதினாள். அளவீட்டோடு முரண்படுகிறது, திருத்துக என்று வந்தது. அழித்துவிட்டு, 'நிழலருக்கான மாற்றுத் தகவல் பொய். சம்பந்தப்பட்டவர் மறுத்தார். மறைத்தது நான்' என்று எழுதித் தன் பெயரையும் பணி எண்ணையும் போட்டாள். கொஞ்ச நேரம் சக்கரம் சுழன்றது. இக்குறிப்பு கைதியின் தயார் நிலைக்குத் தொடர்பற்றது, திருத்துக என்று வந்தது.

அவள் அதையே மறுபடி எழுதினாள். மறுபடி வந்தது. மூன்றாவது முறை எழுதும்போது சிறையின் வெளிக்கதவு வண்டியை அடையாளம் கண்டு திறந்துகொண்டது. இசக்கிராஜன் தானே இறங்கி, யாரும் சொல்லாமல், உள்ளே நடந்தான். அவள் இறங்கவில்லை. மடியில் பலகையை வைத்துக்கொண்டு, ஒப்பத்துக்கான வெற்றுக் கட்டம் மின்னுவதைப் பார்த்துக்கொண்டு, நான்காவது முறையாக அந்த வரிகளை எழுதத் தொடங்கினாள்.