பொறுப்பாளர் பட்டியல்

புரோகிராம்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கட்டும் பில்டு, ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது, தேதிக் கணக்கு லைப்ரரியில் வந்து நின்றுகொண்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. திரையில் கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆளில்லாத மூன்றாம் மாடியில், சூடேறிய பிளாஸ்டிக் வாசனைக்கும் ஏசியின் இரைச்சலுக்கும் நடுவே அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். வெளியார் எழுதிய ஆயத்த புரோகிராம் தொகுப்புகளான லைப்ரரிகளைக் கம்பெனியின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோடு ஒட்டுத் தெரியாமல் இணைப்பவர் என்பதால் ஆபீஸில் அவருக்குத் 'தையல்காரர்' என்று பெயர். மனைவி போன பிறகு, வீட்டுக்குப் போவதும் ஒன்றுதான், போகாததும் ஒன்றுதான். இதே கம்பெனியில் எதிர்க் கட்டிடத்தில் வேலை பார்க்கும் மகள், கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தி நாலு மாதம் ஆகிறது. அவள் குரலுக்கு ஏங்கிப் போயிருந்தார்.

வெளி லைப்ரரி எதுவானாலும் அதன் பொறுப்பாளர் பட்டியலில் ஒருவர் பெயர் எழுத வேண்டும். விலகும்போது முடிவுத் தேதி போட வேண்டும். பட்டியலைப் படித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை அவசரத்தில் அவர் படிக்காமலே தன் பெயரை எழுதிவிட்டார்.

இப்போது படித்தார். அவருக்கு முன் மூன்று பேர். மூன்றாமவர் பக்கத்து நாற்காலிக்காரர், போன வருஷம் இதே மேஜையில் சாய்ந்தவர். முடிவுத் தேதி, அவர் செத்த தேதி. ஆனால் அது பதிவாகியிருந்தது அதற்கு இரண்டு வருஷம் முன்பே, அந்த மனிதர் தன் பெயரை எழுதிய அதே நொடியில்.

தையல்காரரின் பெயருக்கு எதிரே இன்றைய தேதி. மாலை ஆறு மணி.

இப்போது மணி ஐந்து ஐம்பது.

தேதியை அழித்தார். திரும்ப வந்தது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினார். வந்தது. பில்டிலிருந்து லைப்ரரியையே நீக்கினார். 'இது இல்லாமல் கட்ட முடியாது' என்றது திரை. அவர் பெயருக்குக் கீழே ஒரு காலி வரி திறந்தது.

லிஃப்ட் மணி அடித்தது. நடைபாதை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே வந்தன.

"அப்பா..."

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அதே நேரம் நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி ஒரு வலி. மணி ஆறு.

"உங்க மெயில பாத்ததும் மனசு கேக்கலப்பா. இந்த லைப்ரரிய தனியா சுமக்க முடியலன்னா முன்னாடியே சொல்லக் கூடாதா?"

அவர் மெயில் எதுவும் அனுப்பவில்லை. சொல்ல வாயெடுத்தார். நாக்கு எழவில்லை.

"நான் பேசாம இருந்ததுல கோவமாப்பா? என்கிட்ட பேச மாட்டீங்களா?"

பின்னாலிருந்து அவர் தோளில் கை வைத்தாள். கை இளஞ்சூடாக இருந்தது. நிலைகுத்தி நின்றுவிட்ட அவர் கண்களை அவள் பார்க்கவில்லை.

"சரி, பேச வேணாம். நான் போட்டுடறேன்."

காலி வரியில் தன் பெயரை அடித்தாள்.

எதிரே முடிவுத் தேதி தானாக விழுந்தது. நாளைய தேதி. அதற்குக் கீழே இன்னொரு காலி வரி திறந்தது.